ஓடுற பெட்டியின் சில்லு

போன வருஷ நடுப்பகுதியில் லண்டனிலிருந்து ஒரு காட்போட் பெட்டி வந்து இறங்கியது. எங்களில் ஒருத்தியின் மாமா கப்பலில் போட்ட சாமானோடு சேர்த்து அனுப்பினது. மகன் வளர்ந்து வேலைக்குப் போயிட்டான், வீடு மாறுறம், எறிய மனம் வரேல்லை, அங்க ஆராவது சின்னப் பிள்ளையளுக்குக் குடுங்கோ என்று ஒரு குரல் பதிவும் வந்தது. திறந்து பார்த்தால், பழைய சேர்ட்டுகளில் சுற்றின ஆறு கூட்ஸ் பெட்டிகளும் ஒரு சின்ன வட்டம் போடுமளவுக்குத் தண்டவாளத் துண்டுகளும். எஞ்சினைக் காணவில்லை. கேட்டதற்கு, அது எப்பவோ பழுதாப் போச்சு என்றார்.

சின்னப் பிள்ளைகளுக்குக் குடுக்கவில்லை. நாங்களே வைத்துக்கொண்டோம். நாங்கள் என்றால் மூன்று பேர், கலைப்பீடம், மூன்றாம் வருஷம். கோண்டாவிலில் அவளின் வீட்டு விறாந்தையில் வட்டத்தைப் பூட்டி, எஞ்சின் இல்லாதபடியால் விரலால் தள்ளிவிட்டுப் பார்த்தோம். ஐந்து நிமிஷம் நல்ல சந்தோஷம். அப்போது காங்கேசன்துறைப் பக்கம் போகிற பின்னேர ரயில் சத்தம் கேட்டது. ஓடிப்போய் மதிலால் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால், எங்கட ஆறு பெட்டியும் பல்லி முட்டாய் மாதிரிக் கிடந்தன. தக்காளிச் சிவப்பு, கிளிப்பச்சை, வாழைப்பழ மஞ்சள். பக்கவாட்டில் இங்கிலாந்து நிலக்கரி வியாபாரிகளின் பெயர்கள்.

அண்டைக்கே முடிவெடுத்தோம், இதுகளை உண்மையான பெட்டி மாதிரி ஆக்குறது என்று. அது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போது தெரியாது. 'உண்மையான மாதிரி' என்றால் என்ன என்றும் தெரியாது.

முதலில், விலை குறைந்த பெட்டி ஏன் பொம்மை மாதிரித் தெரிகிறது என்று பார்த்தோம். முதல் காரணம் மினுக்கம். உண்மையான இரும்பும் மரமும் அப்படி மினுங்காது, பிளாஸ்ரிக் மினுங்கும். இரண்டாவது நிறம். ஒரு பெட்டியைத் தூரத்தில் நின்று பார்த்தால் அதன் நிறம் கொஞ்சம் வெளிறித்தான் தெரியும். சின்ன மாடலைப் பார்க்கிறதும் தூரத்தில் நின்று பார்க்கிற மாதிரித்தான். அதனால் மாடல் செய்கிற ஆட்கள் தனிக் கறுப்பை அடிக்கமாட்டார்கள், கடும் சாம்பலை அடிப்பார்கள். மூன்றாவது, பெட்டிகளைக் கொழுவுகிற கொழுக்கி. எங்கள் பெட்டிகளில் இருந்த கொழுக்கியை உண்மையான அளவுக்குப் பெருப்பித்தால் அது ஒரு ஆளின் உயரத்துக்கு நிற்கும் போல. நாலாவது, எல்லாப் பெட்டியும் ஒரே அச்சில் வார்த்தது. ஒரு அச்சைச் செய்துவிட்டு நிறத்தையும் எழுத்தையும் மாற்றி மாற்றி விற்றால் செலவு குறைவு. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் சுரங்கக்காரரும் நிலக்கரி வியாபாரிகளும் சொந்தப் பெட்டி வைத்து அதில் தங்கட பெயரை எழுதி ஓட்டினவர்கள். பொம்மை செய்கிறவர்களுக்கு அது நல்ல வாய்ப்பாகப் போனது.

ஐந்தாவது காரணம் எங்களால் திருத்த முடியாதது. இந்தப் பெட்டிகள் டபிள் ஓ என்கிற அளவு, அதாவது உண்மையானதில் 76ல் ஒரு பங்கு. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர். இங்கிலாந்தின் உண்மையான தண்டவாளம் 1435 மில்லிமீற்றர், அதை 76ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட 18.8 வரவேணும். ஆக, இங்கிலாந்து ரயிலுக்கே இது ஒடுக்கம். எங்கட நாட்டு அகலப் பாதை 1676 மில்லிமீற்றர். அதற்கு 22 வேணும். ஐந்தரை மில்லிமீற்றர் இடிக்கிறது. வட்டம் முழுவதையும் புதிதாகச் செய்தால்தான் சரிவரும். அதை விட்டுவிட்டோம்.

பெயின்ற் வேலைக்கு வருவோம். இதில் எங்கட முதல் சாதனை ஒரு பெட்டியைக் கொன்றது. பழைய எழுத்தை அழிக்கவேணும். வீட்டில் நெயில் பொலிஷ் ரிமூவர் இருந்தது, பஞ்சில் தொட்டுத் தேய்த்தோம். எழுத்துப் போனது, பலகைக் கோடு போனது, பிறகு சுவரே இளகி விரல் அடையாளம் பதிந்துவிட்டது. அதில் இருக்கிற அசிற்றோன் இந்த வகைப் பிளாஸ்ரிக்கைக் கரைத்துவிடும் என்பதைப் பிறகுதான் படித்தோம். ஆறு, ஐந்தாகியது. நீங்கள் யாராவது செய்யப்போவதென்றால் பார்மசியில் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் வாங்குங்கள். கொட்டன் பட்டில் தொட்டு மெல்ல மெல்லத் தேய்த்தால் எழுத்து மட்டும் போகும். கை உளையும், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒழுங்காகச் செய்தோம். கோப்பை கழுவுகிற சவர்க்காரத்தை இளஞ்சூட்டுத் தண்ணியில் கரைத்து, பழைய ரூத் பிறஷ்ஷால் உரஞ்சிக் கழுவி, ஒரு நாள் காயவிட்டோம். அச்சில் இருந்து கழற்ற வசதியாகப் பூசின எண்ணெயும் எங்கட விரல் எண்ணெயும் மிச்சமிருந்தால் பெயின்ற் பிடிக்காது. பிறகு சாம்பல் பிறைமர், மெல்லிசாக. அதற்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சித்திர பாடத்துக்கு வாங்குகிற அக்ரிலிக் குழாய்கள்தான். மாடலுக்கென்று வருகிற குப்பிப் பெயின்ற் எங்கட கைக்கு எட்டாது. 2022க்குப் பிறகு இறக்குமதிச் சாமான் எதையும் விலை கேட்கவே பயம். குழாய்ப் பெயின்ற்றைத் தண்ணி விட்டு இளக்கி, ஒரு தடிப்பான பூச்சுக்குப் பதிலாக மூன்று மெல்லிய பூச்சு அடித்தால் காரியம் நடக்கும். தடிப்பாக அடித்தால் ஆணித்தலையும் பலகை இடைவெளியும் மூடுப்பட்டுப் போகும்.

பாரமும் ஏற்றினோம். சந்தியில் இருக்கிற பலசரக்குக் கடைத் தராசில் ஒரு பெட்டி 30 கிராம் காட்டியது. இதைவிடக் கொஞ்சம் சின்ன அளவான எச்.ஓ மாடல்களுக்கு அமெரிக்க மாடல் ரயில் சங்கம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது: முதலில் 1 அவுன்ஸ், பிறகு நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். அப்படிப் பார்த்தால் மூன்று அங்குலப் பெட்டிக்கு 70 கிராம் வரும். வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டை வாங்கி உள்ளே ஒட்டினோம். அதோடு பெட்டி ஆடி ஆடிப் போகிறது நின்றது.

அடுத்தது ஊத்தை. கன பேர் சறுக்குகிற இடம் இதுதான், நாங்களும் சறுக்கினோம். புதுப் பெட்டியைப் பழசாக்க, மண்ணிறப் பெயின்ற்றைத் தண்ணியாகக் கரைத்து மேலிருந்து கீழ்வரை ஊற்றினோம். காய்ந்த பிறகு பார்த்தால் பழைய பெட்டி மாதிரி இல்லை, சேத்துக்குள் விழுந்த பொம்மை மாதிரி இருந்தது. ஏன் என்று இரண்டு நாள் யோசித்தோம். கடைசியில் விளங்கினது இதுதான்: ஊத்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. கறள் தண்ணி ஆணித்தலையில் தொடங்கிக் கீழ்நோக்கித்தான் வடியும், பக்கவாட்டில் வடியாது. பிறேக் கட்டை சில்லில் உரசி உரசி வருகிற இரும்புத்தூள் அடிப்பாகத்தில்தான் படியும், கூரையில் படியாது. அச்சு சுழல்கிற பெட்டியில் எண்ணெய் ஒழுகிக் கறுக்கும். ஆட்கள் பிடித்து ஏறுகிற கைபிடியில் பெயின்ற் தேய்ந்துபோகும், ஆட்கள் தொடாத மூலையில் பெயின்ற் புதிதாகவே கிடக்கும்.

இங்கிலாந்தின் 16 தொன் நிலக்கரிப் பெட்டியைப் பற்றிப் படித்தபோது இது இன்னும் தெளிவானது. அதன் பக்கவாட்டில் சரிவாக ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். அழகுக்கு என்று நினைத்திருந்தோம். இல்லை. பெட்டியின் எந்த முனையில் கதவு இருக்கிறது என்று, அதைத் தூக்கிச் சரித்துக் கொட்டப்போகிற தொழிலாளிக்குக் காட்டுகிற கோடு. அங்கே நிறமும் சும்மா இல்லை. பிரிட்டிஷ் ரெயில்வே காலத்தில், எஞ்சினிலிருந்து இயக்கக்கூடிய பிறேக் பூட்டின பெட்டிக்குச் செம்மண்ணிறம், பூட்டாததுக்குச் சாம்பல். ஒரு பெட்டியில் இருக்கிற எல்லாமே யாரோ ஒருவரின் வேலைக்காக இருக்கிறது. நாங்கள் அதுவரை அதைப் படமாகத்தான் பார்த்திருந்தோம்.

இந்த இடத்தில் எங்களுக்குள் ஒரு கேள்வி வந்தது. இங்கிலாந்து வியாபாரியின் பெயரை அழித்தாச்சு. இனி இது ஆற்ற பெட்டி?

எங்கட பெட்டியாகத்தான் இருக்கவேணும் என்று மூன்று பேரும் சொன்னோம். வடபகுதிப் பாதை 1905ல் முழுதாகத் திறந்தது. காங்கேசன்துறையில் 1950ல் நாட்டின் முதல் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. அங்கேயிருந்து தெற்குக்குச் சீமெந்து கூட்ஸில் போனது. அந்தப் பெட்டி ஒன்றைச் செய்வோம் என்று படம் தேடினோம். படம் இருக்கிறது, ஆனால் யாழ்தேவியின் படம். 1956ல் ஓடத் தொடங்கின அந்த ரயிலுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்காத குடும்பம் குறைவு. சீமெந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் யார் நின்று படம் எடுக்கப்போகினம்? எங்களுக்குக் கிடைத்த மற்றப் படமெல்லாம் பிறகு எடுத்தவை. கூரையில்லாத ஸ்ரேசன், பத்தை மூடின மேடை, தண்டவாளம் கழற்றின வெறும் பாதை. 1990 ஜூனுக்குப் பிறகு இங்கே ரயில் வரவில்லை. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயின.

நாங்கள் பிறந்ததே அதற்குப் பிறகுதான். சின்ன வயதில் ரயில் பாதை என்றால் எங்களுக்குக் குறுக்காலே சைக்கிளில் போகிற ஒழுங்கை. 2014 ஒக்ரோபர் 13 யாழ்ப்பாணத்துக்குத் திரும்பவும் ரயில் வந்தபோது ஆறாம் வகுப்பு. அடுத்த வருஷத் தொடக்கத்தில் காங்கேசன்துறை வரை ஓடியது. எங்களுக்குத் தெரிந்த ரயில் புதுசு, எங்களுக்குத் தெரிந்த பழைய ரயில் உடைந்தது. ஓடிக்கொண்டிருந்த பழைய ரயிலை நாங்கள் பார்க்கவில்லை.

அதனால்தானோ என்னவோ, எங்களில் ஒருவன் மூடின பெட்டி ஒன்றை எடுத்து அப்படியே கறளாக்கினான். அதில் அவன் கெட்டிக்காரன் என்று ஒத்துக்கொள்ளவேணும். முதலில் கறள் நிறம் அடித்து, காய்ந்த பிறகு ஈரமாக்கி உப்புக்கல்லைத் தூவி, அதற்கு மேல் பெட்டி நிறத்தை அடித்து, அதுவும் காய்ந்தபின் உப்பைத் தட்டி உதிர்த்தான். உப்பு இருந்த இடமெல்லாம் பெயின்ற் உரிந்து கறள் தெரிகிற மாதிரி வந்தது. கதவில் இரண்டு ஓட்டை. கூரையில் ஒரு கிழிசல். செங்கல்லை உரசி எடுத்த தூளைப் பிறஷ்ஷால் தட்டினான். பார்த்தவர்கள் எல்லாரும் வாய் பிளந்தார்கள். இதுதான் எங்கட ரயில் என்றான் அவன். மற்ற இருவரில் ஒருத்திக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லத் தெரியவில்லை. நல்லாத்தானே இருக்கு என்று மற்றவள் சொன்னாள். ஒரு பின்னேரம் முழுக்க அதே வாக்குவாதம்.

அப்போதுதான் அம்மப்பாவின் நினைவு வந்தது. பெட்டி வந்த வீட்டுக்காரியின் அம்மப்பா, இப்போது எங்கள் மூன்று பேருக்கும் அம்மப்பா. சுன்னாகத்தில் இருக்கிறார். கூட்ஸ் ரயிலில் கார்ட் வேலை பார்த்தவர். 1990 வரைக்கும் இந்தப் பாதையில் போய்வந்தவர். வெட்கமான விஷயம் என்னவென்றால், அதுவரை அவரிடம் அந்த வேலையைப் பற்றி நாங்கள் ஒன்றும் கேட்டதில்லை. பேத்திக்கே அவர் 'றெயில்வேயில இருந்தவர்' என்பதுதான் தெரியும்.

சனிக்கிழமை ஒன்றில் இரண்டு பெட்டியைப் பிஸ்கட் ரின்னில் வைத்துக் கொண்டுபோனோம். ஒன்று நாங்கள் மூன்று பேரும் செய்த சீமெந்துப் பெட்டி. மற்றது அந்தக் கறள் பெட்டி. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலில் தண்டவாளத் துண்டைத்தான் பார்த்தார். "என்ன பிள்ளை, லைன் ஒடுக்கமாக் கிடக்கு?" என்றார். ஐந்தரை மில்லிமீற்றர் கதையைச் சொன்னோம். "அப்ப மலைநாட்டுச் சின்னக் கோச்சியோ எண்டு நினைச்சன்" என்று சிரித்தார்.

பிறகு கறள் பெட்டியைக் கையில் எடுத்தார். கன நேரம் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், தேவையில்லாத ஒன்றைக் கொண்டுவந்திட்டமோ என்று. அவர் கவலைப்படவில்லை, பரிசோதித்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் விளங்கியது. பெட்டியைத் தலைகீழாகத் திருப்பினார்.

"இது ஓடுற பெட்டியோ, நிண்டுபோன பெட்டியோ?"

நிண்டுபோனது என்றோம்.

"அப்ப ஏன் சில்லு பளபளக்குது?"

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறோம். "ஓடுற பெட்டிக்கு மேல எவ்வளவு ஊத்தை இருந்தாலும் சில்லில தண்டவாளத்தில படுற இடம் கண்ணாடி மாதிரி இருக்கும். நிண்டுதெண்டால் முதல் கறள் பிடிக்கிறது அந்த இடத்திலதான். ஒரு மழை காணும். யார்ட்டில பெட்டி எத்தினை நாளாக் கிடக்குதெண்டு நாங்கள் சில்லைப் பாத்துத்தான் சொல்லுவம். நீங்கள் மேல இருவது வருஷம் கிடந்த பெட்டி மாதிரி அடிச்சிருக்கிறியள், கீழ நேற்று வந்து சேர்ந்த பெட்டி. இது எந்த வருஷம்?"

பதில் இல்லை. உண்மையில் நாங்கள் எந்த வருஷத்தையும் நினைக்கவில்லை. 'பழசு' என்று மட்டும்தான் நினைத்தோம். கதவில் 80களின் சீமெந்துத் தூசி, கூரையில் 2000ம் ஆண்டின் கறள், சில்லில் போன கிழமை கடதாசியால் துடைத்த மினுக்கம். எல்லாம் ஒரு பெட்டியில்.

மற்றப் பெட்டிக்கும் அதே கேள்விதான். அதில் நாங்கள் சோக் தூளைச் சுவர் முழுக்கச் சமமாகத் தட்டியிருந்தோம். சீமெந்து அப்படி இருக்காது என்றார். மூட்டை ஏற்றுகிற கதவடியில்தான் கொட்டும். மழை பட்டால் தூசியாக இராது, இறுகிக் கல்லாகிவிடும். கதவு ஓடுகிற தவாளிப்பில் இறுகினால் கதவு திறக்காது, அலவாங்கால் குத்தித்தான் எடுக்கிறது. கதவுக்குப் பக்கத்தில் கை வைக்கிற இடத்தில் வெள்ளைக் கை அடையாளம் இருக்கும். பெட்டி எங்கே போகுதென்று சோக்கால் எழுதுவார்கள், அதை அழித்து அழித்து எழுதி அந்த இடம் மட்டும் மங்கிப்போயிருக்கும். அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லச் சொல்ல நாங்கள் கொப்பியில் குறித்தோம். விரிவுரையில் கூட இவ்வளவு வேகமாகக் குறிப்பெடுத்ததில்லை.

நிறம்? அதில்தான் சிக்கல். அவர் சாம்பல் என்றார். கதை கேட்டு வந்த பக்கத்து வீட்டு ஐயா, அவரும் முந்திக் காங்கேசன்துறைப் பக்கம் வேலை செய்தவர், இல்லை, செம்மண்ணிறம் என்றார். இரண்டு பேரும் விட்டுக்குடுக்கவில்லை. தேத்தண்ணி ஆறிப்போனது. "உனக்குக் கண் சரியில்லை." "உமக்கு அப்பவே கண் சரியில்லை." நாங்கள் நடுவில் இருந்து சிரித்தாலும், உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. இந்த இரண்டு பேரும்தான் எங்களிடம் இருக்கிற ஆவணம். நூலகத்தில் தேடி முடிவு சொல்லக்கூடிய விஷயமாக இது எங்களுக்கு அமையவில்லை. ஒரு பெட்டியின் நிறம் என்பது சின்ன விஷயம்தான். சின்ன விஷயம் என்பதால்தான் யாரும் எழுதிவைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, மாடல் செய்கிற மற்ற ஆட்கள் இந்த வருஷக் கேள்வியை எப்படிக் கையாள்கிறார்கள் என்று தேடினோம். இங்கிலாந்தில் ஒக்ஸ்போர்ட்ஷயரில் லோங் விட்டனம் என்கிற கிராமத்தில் பெண்டன் என்று ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அதை 1954ல் தொடங்கிய ரோய் இங்லண்ட் ஒரு அவுஸ்திரேலியர். 1925ல் இங்கிலாந்துக்கு வந்தவர், அந்தப் பக்கத்துக் கிராம வீடுகள் மாறி அழிந்துபோவதைப் பார்த்து, அவற்றை 76ல் ஒரு பங்காகச் செய்துவைக்க வெளிக்கிட்டார். எங்கட பெட்டியின் அதே அளவு. அங்கே செய்திருப்பதெல்லாம் 1920களும் 1930களும். அந்தக் காலத்துக்குப் பிந்தின ஒன்றும் அதற்குள் வரக்கூடாது. வெளியூரிலிருந்து வந்த ஒருவர், அழிந்த பிறகு அழிவைச் செய்யாமல், அழிய முந்தி இருந்ததைச் செய்திருக்கிறார் என்பது எங்களுக்கு உறைத்தது.

கறள் பெட்டி பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. அது நடந்தது. அதைச் செய்தவனின் அப்பாவின் வீட்டுப் பங்கரிலும் சிலிப்பர் கட்டை இருந்ததாம். ஆனால் எங்களுக்கு அதை மட்டும்தான் செய்யத் தெரிந்திருந்தது. கறள் எப்படிப் பிடிக்கும் என்று தெரிந்த எங்களுக்கு, வேலைநாள் ஒன்றில் கதவடியில் எங்கே சீமெந்து கொட்டும் என்று தெரியவில்லை. எங்கட ஊரைப் பற்றி நாங்கள் எழுதுகிற கட்டுரைகளுக்கும் கவிதைகளுக்கும் இது பொருந்துமோ என்று அவள் கேட்டாள். மற்ற இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் பிறஷ் கழுவினோம்.

அடுத்த சனிக்கிழமை போய், வருஷத்தை நீங்களே சொல்லுங்கோ என்று அம்மப்பாவிடம் கேட்டோம். யோசிக்கவே இல்லை. "எழுபத்தாறு வை." ஏன்? "சின்னவள் பிறந்தது. நான் கூட்ஸில மாகோப் பக்கம் நிக்கேக்கதான் செய்தி வந்தது." சின்னவள் என்றால் எங்களில் ஒருத்தியின் அம்மா. ஆக, எங்கட பெட்டி 1976ம் ஆண்டுப் பெட்டி.

திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினோம். நிறச் சண்டைக்கு ஒரு வழி கண்டோம். அடியில் வெளிறின செம்மண்ணிறம் அடித்தோம். ஒவ்வொரு பலகையும் ஒரு துளி வித்தியாசமாக இருக்க, ஒன்றுக்குக் கொஞ்சம் வெள்ளை, ஒன்றுக்குக் கொஞ்சம் கறுப்புக் கலந்தோம். அதற்கு மேல் கதவடியில் தொடங்கி மேலே போகப் போகக் குறைகிற மாதிரிச் சாம்பல் தூசி. ஏற்றுகிற இடத்தில் நின்று பார்த்தவருக்குச் சாம்பல், தூர நின்று பார்த்தவருக்குச் செம்மண் என்று இருவரிடமும் சொல்லலாம். அது சரியோ பிழையோ, இரண்டு பேரையும் பகைக்கவில்லை. இறுகின சீமெந்துக்குப் பெயின்ற்றையே சோக் தூளோடு குழைத்து ஊசிமுனையால் வைத்தோம். இன்னொரு பாடமும் இங்கே கிடைத்தது: தூளைத் தட்டிவிட்டு மேலால் மங்கல் வார்னிஷ் அடித்தால் தூளில் பாதி கண்ணுக்குத் தெரியாமல் போகும். அதனால் நினைத்ததைவிடக் கூடத் தட்டவேணும், அல்லது வார்னிஷுக்குப் பிறகு திரும்பத் தட்டவேணும். கதவுக்குப் பக்கத்தில் கூர்ப்பென்சிலால் சோக் எழுத்து மாதிரி இரண்டு கிறுக்கல். சில்லின் முகத்துக்குக் கறள் மண்ணிறம், தண்டவாளத்தில் படுகிற விளிம்பை மட்டும் விட்டுவிட்டோம்.

கறள் பெட்டியையும் எறியவில்லை. அதைச் செய்தவனே அதன் சில்லுகளுக்கும் கறள் பூசினான், படுகிற விளிம்பு உட்பட. பூசின பிறகு அது சரியாக உருளாது. வட்டத்துக்கு வெளியே, காய்ந்த பாசியும் புல்லும் ஒட்டின ஒரு பலகைத் துண்டில் அதை வைத்தான். அதற்குக் கீழே ஒரு கடதாசித் துண்டில் வருஷத்தை எழுதினான்: 1996. அவனின் வீட்டார் ஊரைவிட்டு வன்னிக்குப் போய்ச் சேர்ந்த அடுத்த வருஷம். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைப் பார்க்க முந்திப் பிடிக்காதவளுக்கும் பிடித்தது.

சீமெந்துப் பெட்டியைப் போன மாதம் அம்மப்பாவிடம் கொண்டுபோய்க் குடுத்தோம். வழக்கம்போல முதலில் தலைகீழாகத் திருப்பிச் சில்லைப் பார்த்தார். தலையாட்டினார். கதவடியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார், சீமெந்து உதிரவில்லை. பிறகு மாபிள் நிலத்தில் வைத்து ஒரு விரலால் தள்ளினார். ஈயக்குண்டின் பாரத்தில் அது நேராகப் போய், ரீவி மேசைக் காலில் முட்டி நின்றது. பக்கத்து வீட்டு ஐயாவைக் கூப்பிட்டுக் காட்டச் சொன்னார். நாங்கள் வெற்றி என்று நினைத்துக் கதிரையில் சாய்ந்தோம்.

அவர் குனிந்து, கண்ணைப் பெட்டியின் மட்டத்துக்குக் கொண்டுவந்து ஒருக்காப் பார்த்தார்.

"இது லோட்டோட போற பெட்டியோ, வெறும் பெட்டியோ?"

நாங்கள் முழித்தோம்.

"லோட் எண்டால் ஸ்பிறிங் இறங்கியெல்லோ இருக்கவேணும்."

கொப்பியை எடுத்தோம்.